சம்மட்டியின் வலது கையும் சம்பந்தியின் இடது கையும்

"அடி வேற, கை வேகம் வேற. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. வேகமா வர்ற கை கொசு மாதிரி. கடிக்கும், போயிடும். கனமா வர்ற கை கதவு மாதிரி. ஒருதடவ மூஞ்சியில சாத்துச்சுன்னா அப்புறம் ஆள எழுப்ப நாலு பேரு வேணும்."

தடுப்பூசி போடும் வரிசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சம்மட்டி இதைச் சொன்னபோது அவரிடம் யாரும் எதையும் கேட்டிருக்கவில்லை. வரிசையில் முதலில் நின்ற பெண் தன் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓரடி தள்ளிப் போனாள்.

"அப்பா, மெதுவா" என்றாள் மகள். "உங்கள யாரு இப்ப குத்துச்சண்டை பத்திக் கேட்டாங்க?"

"யாரும் கேக்கலம்மா. நாலு பேரு தெரிஞ்சுக்கட்டும்னு சொன்னேன்."

அவரைப் பேச வைத்தது நர்ஸ் சொன்ன ஒரு வார்த்தை. பேத்திக்கு அப்போதுதான் ஊசி போட்டிருந்தார்கள். வாய் கோணி, கீழுதடு பிதுங்கி, அழுகை தொண்டை வரை வந்துவிட்டது. அதற்குள் சம்பந்தி தன் பத்து விரலையும் குழந்தையின் கண்ணுக்கு முன்னால் படபடவென்று ஆட்டினார். புறா பறக்கிற மாதிரி இருந்தது. அழுகை வந்த வழியே திரும்பிப் போயிற்று. குழந்தை வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்தது. "அடேங்கப்பா, தாத்தாவுக்கு என்ன கை வேகம்!" என்றாள் நர்ஸ். அவ்வளவுதான். சம்மட்டிக்கு உள்ளே எங்கேயோ பால் திரிந்தது.

அந்தக் கை வேகத்தைப் பற்றி நர்ஸுக்கு என்ன தெரியும்? சம்மட்டியின் மூக்குக்குத் தெரியும். அது இன்றைக்கும் இடது பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது.

இரண்டு பேருமே வாலிபத்தில் ஹெவிவெயிட். வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம், எடைமெஷின் பயப்படுகிற உடம்பு. சம்மட்டியின் வலது கை பட்டால் எதிராளி விழுவது மட்டும் இல்லை, விழுந்த இடத்தில் கொஞ்சநேரம் குடியிருப்பான். அதனால் வந்த பேர் அது. பெற்றவர்கள் வைத்த பேர் ரேஷன் கார்டோடு சரி. சம்பந்தி கொட்டகைத் தகரத்தில் மழை விழுகிற மாதிரி அடிப்பார். ஒவ்வொரு அடியும் சின்னது, ஆனால் ஓயாது. அவருக்குச் சடசட என்று பேர்.

அவர்கள் இரண்டு பேரும் ஒரே ஒரு தடவை மோதினார்கள். பெரிய போட்டி, இறுதி ஆட்டம். சம்மட்டி அன்று முழுக்கக் காற்றைத்தான் அடித்தார். கையை எடுத்துக்கொண்டு போவதற்குள் சடசடவின் இடது கை வந்து மூக்கில் மூன்று தடவை கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடும். புள்ளிக் கணக்கில் சடசட ஜெயித்தார். "ஒண்ணே ஒண்ணு பட்டிருந்தா கதையே வேற" என்று சம்மட்டி அன்றைக்குச் சொன்னார். அதற்கப்புறம் அவருக்குக் கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள், வீடு மாறுகிறவர்களின் பீரோவையும் ஃபிரிட்ஜையும் மாடிப்படியில் இறக்கி ஏற்றும் தொழிலில் முதுகு தேய்ந்தது, முடி கொட்டியது. சொல்வதை மட்டும் நிறுத்தவில்லை.

சடசட முடி வெட்டும் கடை வைத்தார். கத்திரி பிடித்த கை கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும் என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். சம்மட்டி ஒருநாளும் அந்தக் கடைக்குப் போனதில்லை. மூன்று தெரு தள்ளி, காதோரம் கீறி அனுப்புகிற ஒருவனிடம்தான் போவார்.

இப்படி இருக்கையில்தான் மகள் ஒருநாள் வந்து, ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். பையன் பஸ் டிரைவர், நல்ல குணம், கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. "அவங்க அப்பா என்ன பண்றாரு?" என்று கேட்டார் சம்மட்டி. மகள் சொன்னாள். அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

"ஊர்ல இத்தன பசங்க இருக்க, அவன் பையன்தானா கெடச்சான்?"

"பையனுக்கு மூக்கு நேராத்தான் இருக்கு, கட்டிக் குடுங்க" என்றாள் மனைவி. அவளுக்கு எப்போதுமே ஒரே அடிதான், குறி தப்பாது.

கட்டிக் கொடுத்தார்கள். சம்பந்திகள் ஆனபிறகு பழைய பகைக்கு மரியாதை வந்து சேர்ந்தது. "வாங்க சம்பந்தி, உக்காருங்க சம்பந்தி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்படியே ஓடியிருக்கும். பேத்தி பிறந்தாள்.

எத்தனை குழந்தையைப் பார்த்திருந்தாலும் தன் பேத்தியைப் பார்க்கிற கண் வேறு. உள்ளங்கால் இரண்டும் புதுச் சோப்புக்கட்டி மாதிரி. தூக்கத்தில் தானாகச் சிரிப்பாள், பிறகு ஏதோ கணக்கு உதைத்த மாதிரி புருவத்தைச் சுருக்குவாள். கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற விரலை மடக்கியிருப்பாள். "கட்டைவிரல் வெளிய இருக்கணும்டா செல்லம், உள்ள வெச்சுக் குத்துனா ஒடஞ்சிடும்" என்று அவள் பிறந்த அன்றைக்கே சம்மட்டி பாடம் எடுத்தார்.

ஆனால் அவர் தூக்கினால் அழுதாள். சடசட தூக்கினால் சிரித்தாள்.

இதை எந்தத் தாத்தா தாங்குவார்? சடசட விரலைச் சொடுக்குவார், கிலுகிலுப்பையைக் கையிலிருந்து கைக்குத் தாவ விடுவார், மூக்கைத் தொட்டுக் காதைத் தொட்டு வயிற்றில் கிச்சுகிச்சு மூட்டிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். பேத்தி கெக்கலி கொட்டுவாள். சம்மட்டி வீட்டில் தலையணையை மடியில் போட்டு அதையெல்லாம் பழகிப் பார்த்தார். தடித்த விரல் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டது. அவர் குலுக்கின குலுக்கலில் தலையணையே அழுதிருக்கும், பேத்தி அழுததில் என்ன ஆச்சரியம்?

"உங்க கை எதுக்குங்க அவரு கை மாதிரி ஆடணும்?" என்றாள் மனைவி.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, போ."

மகளுக்கு லீவு முடியப் போகிறது. அவள் ரத்தம் பரிசோதிக்கிற இடத்தில் வேலை பார்க்கிறாள், காலையிலேயே போக வேண்டும். மருமகன் அதற்கும் முன்னாலேயே பஸ் எடுக்கப் போய்விடுவான். சம்மட்டியின் மனைவி ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற வேலைக்கு விடியற்காலையிலேயே கிளம்புகிறவள். சடசடவுக்கு மனைவி இல்லை. ஆகக்கூடி காலை நேரத்தில் குழந்தையை வைத்துக்கொள்ள இரண்டு தாத்தாக்கள்தான் மிச்சம். யாரிடம் விடுவது என்று மகள் இன்னும் வாய் திறக்கவில்லை.

"நான் கடைய மதியம் தொறந்துக்கறேன்மா" என்று சடசட முதலிலேயே துண்டு போட்டுவிட்டார்.

"நான் காலையில சாமான் தூக்கப் போறதையே விட்டுடறேன்" என்றார் சம்மட்டி.

"ரெண்டு பேரும் இப்படியே இழுத்தீங்கன்னா நான் காசு கட்டிக் காப்பகத்துல விட்டுடுவேன்" என்றாள் மகள். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். வாய் மூடினால் வயிறு எரியாமல் இருக்குமா?

அந்த எரிச்சலோடுதான் சம்மட்டி குத்துச்சண்டைக் கிளப்புக்குப் போனார். இரண்டு பேருக்கும் வாரத்தில் ஒருநாள் அங்கே போய்ப் பையன்களின் ஆட்டத்தைக் குறை சொல்லாவிட்டால் தூக்கம் வராது. பஸ் டிப்போவுக்குப் பின்னால் நீளமான ஷெட். வேர்வையும் ரப்பரும் கலந்த வாடை. அன்றைக்கு மாஸ்டர் ஒரு புதுச் சாமானை வைத்துக்கொண்டிருந்தார். தீப்பெட்டி மாதிரி ஒன்று. அதை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு தொங்குகிற மணல்மூட்டையைக் குத்தினால் அடி எவ்வளவு பலம், கை எவ்வளவு வேகம் என்று செல்போனில் காட்டும்.

சடசட ஏற்கெனவே அங்கே இருந்தார்.

"வாங்கண்ணே, சரியான நேரத்துக்கு வந்தீங்க" என்றார் மாஸ்டர். "இவனுங்க ரெண்டு நாளா இதே சண்ட. ஹெவிவெயிட்டுக்கு அடி முக்கியமா, வேகம் முக்கியமான்னு."

"இதுல என்ன சந்தேகம்? அடிதான்" என்றார் சம்மட்டி. "லைட்வெயிட்டுக்காரன் நூறு அடி அடிச்சு ஜெயிப்பான். ஹெவிவெயிட்டுக்கு எதுக்குடா நூறு? அடி கையில இல்ல. குதிகால்ல கெளம்பி, இடுப்புல திரும்பி, தோள்ல எறங்கி வரும். வர்றதுக்கு நேரம் ஆகும். பெரிய மனுஷன் வர்றதுன்னா நேரம் ஆகத்தான் செய்யும்."

"வர்றதுக்குள்ள நாங்க வீட்டுக்குப் போயிடுவோமே சம்பந்தி" என்றார் சடசட. பையன்கள் சிரித்தார்கள். "கண்ணுக்குத் தெரியாம வர்ற அடிதாண்டா ஆளக் கவுக்கும். தெரிஞ்சு வந்தா எவ்வளவு பெரிய அடியா இருந்தாலும் ஒடம்பு இறுகிக்கும். வேகம்தான் பாதி பலம்."

"அப்ப மீதிப் பாதி எங்க? கடையில விட்டுட்டு வந்துட்டீங்களா?"

"அத உங்க மூக்குக்கிட்டக் கேளுங்க."

பையன்கள் ஓவென்று கத்தினார்கள். மாஸ்டர் அந்தத் தீப்பெட்டியைத் தூக்கிக் காட்டினார். "வாய்ச்சண்ட எதுக்குண்ணே? மெஷின் சொல்லட்டும்."

அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. கையுறைக்குள் சுற்றுகிற பட்டைத் துணியை யாரும் தனக்குத்தானே சுற்றிக்கொள்ள மாட்டார்கள், அடுத்தவர்தான் சுற்றிவிட வேண்டும். கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டை இறுக்கி, விரல்முட்டிக்கு மேலே மெத்தை மாதிரி மடித்து மடித்து வைத்து, விரலிடுக்கில் விட்டு எடுக்க வேண்டும். தன் கையைத் தானே கட்டுகிறவன் அவசரத்தில் முட்டிமேல் மடிப்பைக் குறைத்துவிடுவான் என்பதால் வந்த வழக்கம். சடசடவுக்கு மாஸ்டர் சுற்றிவிட்டார். பிறகு சடசட துணிச் சுருளை எடுத்துக்கொண்டு சம்மட்டியிடம் வந்தார்.

"கையக் குடுங்க சம்பந்தி. ஒரு நிமிஷத்துல சுத்திடறேன்."

ஒரு நிமிஷமாம். இவருடைய கையை இவருக்கே தெரியாமல் கட்டிவிடுவாராம். பேத்திக்குக் கிலுகிலுப்பை ஆட்டின அதே விரல் அந்தத் துணியில் விளையாடுவதைப் பார்த்ததும் சம்மட்டிக்குக் காது சூடானது.

"எங்கைய நானே கட்டிக்குவேன்."

"அண்ணே, வழக்கம் இல்லையே" என்றார் மாஸ்டர்.

"இந்தக் கைக்கு என்ன வழக்கம்? நான் கட்டுற வேகத்தப் பாருங்க."

வேகமாகத்தான் கட்டினார். மணிக்கட்டில் நாலு சுற்று, முட்டிமேல் ஒரு சுற்று, முடிந்தது. மெத்தை வைக்கவில்லை. மாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், சம்மட்டி கையுறையை மாட்டிவிட்டார்.

முதலில் சடசட ஆடினார். இடது கை போய்வந்தது, போய்வந்தது, மூட்டை ஆடுவதற்கே நேரம் கிடைக்கவில்லை. செல்போனைப் பார்த்த மாஸ்டர், "நம்ம பையன் ஒருத்தனுக்குக்கூட இந்த வேகம் இல்லடா" என்றார். சடசட சிரித்துக்கொண்டே தோளை ஒருதடவை உருட்டிக்கொண்டார்.

சம்மட்டி மூட்டைக்கு முன்னால் நின்றார். குதிகாலை ஊன்றினார். இடுப்பு திரும்பியது. அந்தக் காலத்து வலது கை அப்படியே வந்தது. மூட்டை எகிறி, சங்கிலி அலறி, உத்தரத்திலிருந்து தூசி கொட்டியது. பையன்கள் விசில் அடித்தார்கள். "அண்ணே, இந்த மெஷினு இப்படி ஒரு நம்பர் காட்டினதே இல்லண்ணே!"

சம்மட்டி சிரித்தார். உள்ளே, சுண்டுவிரல் முட்டிக்குக் கீழே, 'கடக்' என்று ஒன்று கேட்டது. அது மெஷினில் வரவில்லை.

கையுறையைக் கழற்றாமலே கொஞ்சநேரம் பேசிக்கொண்டிருந்தார். அப்புறம் அதைக் கழற்றி, கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நேரே மகள் வீட்டுக்குப் போனார். ஜெயித்ததை யாரிடம் சொல்வது? பேத்தியிடம்தான்.

"தாத்தா இன்னிக்கு என்ன பண்ணினேன் தெரியுமாடா தங்கம்?" என்று தொட்டிலுக்குள் கையை விட்டார். தூக்க முடியவில்லை. உயிர் போய் உயிர் வந்தது.

மகள் பார்த்துவிட்டாள். "அப்பா, அந்தக் கையக் காட்டுங்க."

"ஒண்ணும் இல்லம்மா, லேசா..."

"காட்டுங்கன்னா."

சுண்டுவிரல் பக்கம் பன் மாதிரி உப்பியிருந்தது. ஆஸ்பத்திரியில் எலும்பில் விரிசல் விட்டிருக்கிறது என்று மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் மகள் வீட்டு வாசலில் நின்று சொன்னாள்.

"உங்ககிட்டதான் விடணும்னு இருந்தேன்பா. மாமாவுக்குக் காலையிலதான் கடையில கூட்டம் வரும், பாவம். நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்."

சம்மட்டி வாழ்க்கையில் வாங்கின அடியிலேயே பெரிய அடி அதுதான். சத்தமே இல்லாமல் விழுந்தது.

காலை நேரம் சடசடவுக்குப் போனது. மகள் வேலைக்குப் போகத் தொடங்கினாள். சம்மட்டி என்ன செய்வார்? தினமும் காலையில் கையைக் கழுத்தில் கட்டின துணித் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு அங்கே போய்விடுவார். "சும்மா வந்தேன்" என்பார். மூலை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சடசட செய்வதை எல்லாம் பார்ப்பார். பால் பாட்டிலை எப்படிப் பிடிக்கிறார், தலைக்கு முட்டுக் கொடுக்கிறாரா, ஏப்பம் எடுக்க வைத்தாரா. ஒரு குறை கிடைக்காதா என்று ரெஃபரி மாதிரி பார்ப்பார். கிடைத்தால் சந்தோஷப்படுவார், கிடைக்காத அன்றைக்குத் தலைவலி என்று சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடுவார்.

அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் ஒன்று கண்ணில் பட்டது. சடசட கிலுகிலுப்பையை ஆட்டுவதே இல்லை. குழந்தையை வலது கையால் மட்டும் அணைத்துத் தூக்குகிறார். இடது கை பக்கத்தில் தொங்குகிறது. துணி மாற்ற வேண்டி வந்தால் முகம் சுண்டிப்போகிறது.

ஒருநாள் காலையில் பேத்தி டயப்பரை நிறைத்துவிட்டு வீட்டை இரண்டாக்கினாள். சடசட அவளைக் கட்டிலில் கிடத்தினார். ஒரு கையால் காலைத் தூக்கினார், டயப்பரை எடுக்கக் கை இல்லை. காலை விட்டுவிட்டு டயப்பரை எடுத்தார், அவள் புரண்டுவிட்டாள். நெற்றியில் வேர்த்தது.

"என்ன சம்பந்தி, வேகம் கொறஞ்சுபோச்சு?" என்றார் சம்மட்டி.

சடசட திரும்பிப் பார்த்தார். அந்தக் கண்ணில் கிண்டல் இல்லை.

"தோளு போச்சு சம்பந்தி. அன்னிக்கு மெஷின்ல ஆடுனேன்ல, அப்பவே பிடிச்சுக்கிச்சு. கை மேல வரமாட்டேங்குது. மருமகளுக்குத் தெரிஞ்சா கொழந்தையக் காப்பகத்துக்குக் கொண்டுபோயிடுவா."

"அப்புறம் எதுக்குய்யா அப்படி ஆடுனீங்க?"

"பேத்திய உங்ககிட்டதான் விடப் போறான்னு எம் பையன் வாய் தவறிச் சொல்லிட்டான். வயிறு எரிஞ்சுது. கையையாவது காட்டிடுவோம்னு ஆடுனேன்."

சம்மட்டி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். இப்போது ஒரு போன் போட்டால் போதும். சடசட அவுட். ஆனால் மாவுக்கட்டுக் கையை நம்பி மகள் இவரிடமும் விடமாட்டாள். காப்பகத்தில் யாரோ ஒருத்தி இந்த உள்ளங்காலைத் துடைப்பாள். அதை நினைத்ததும் சடசடவின் மேல் இருந்த பொறாமை அப்படியே அந்த முகம் தெரியாத பெண்ணின் மேல் போய் உட்கார்ந்தது.

எழுந்தார். இடது கையால் பேத்தியின் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கினார். "ம், எடுங்க சீக்கிரம்."

சடசட வலது கையால் எடுத்தார், துடைத்தார். "கொஞ்சம் ஒசத்துங்க. அவ்வளவு இல்ல! கொழந்த என்ன பீரோவா?"

"நீங்க மொதல்ல ஒட்டுறத நேரா ஒட்டுங்க. காதோரம் கிருதா வெக்கிற மாதிரி கோணலா ஒட்டுறீங்க."

"என் கடைக்கு வந்து பாத்தாத்தானே தெரியும் கோணலா நேரான்னு."

ஒரு ஆளின் இடது கையும் இன்னொரு ஆளின் வலது கையும் சேர்ந்து ஒரு டயப்பரை மாட்ட எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் ஆனது. நடுவில் பேத்தி இரண்டு பேர் சட்டையையும் நனைத்தாள். பிறகு சம்மட்டி அவளை இடது தோளில் சாய்த்துக்கொண்டார். குலுக்குவதற்கு இன்னொரு கை இல்லை. குதிகாலை ஊன்றி, இடுப்பை மட்டும் மெதுவாக இப்படியும் அப்படியும் திருப்பினார். குழந்தை ஒரு விக்கல் விட்டது. அப்புறம் அவர் கழுத்தில் மூச்சு சூடாக, சீராக விழுந்தது. தூங்கிவிட்டாள்.

சடசட பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து சம்மட்டிக்கு மாவுக்கட்டுக்குள் வலியே தெரியவில்லை.

இப்படி எத்தனை நாள் மறைக்க முடியும்? அன்றைக்கு மகள் ஏதோ மறந்துவிட்டுப் பாதியில் திரும்பி வந்தாள். அப்பா நனைந்த சட்டையோடு குழந்தையைத் தோளில் போட்டிருக்கிறார், மாமனார் ஒரு கையால் பாட்டில் கழுவுகிறார். "மாமா, அந்தக் கை என்ன ஆச்சு?" என்றாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஒண்ணும் இல்லம்மா" என்றார்கள். அதிலேயே மாட்டிக்கொண்டார்கள்.

முதலில் திட்டினாள். நல்ல திட்டு. "உங்க ரெண்டு பேரையும் வளக்கறதுக்கு நான் தனியா ஒரு காப்பகம் பாக்கணும்" என்றாள். பிறகு தூங்குகிற குழந்தையைப் பார்த்தாள், கோணலாக ஒட்டியிருந்த டயப்பரைப் பார்த்தாள், சிரிப்பை அடக்கமுடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் சேந்து ஒரு ஆளுக்கு ஆகுது. சரி, சேந்தே வாங்க. ஒருத்தர் வரலன்னாலும் எனக்கு போன் வரணும். கை சரியாகற வரைக்கும் இப்படித்தான்."

"வயிறு நெறஞ்சிருக்கு, அதான் அவ தூங்குறா" என்றும் சொன்னாள். அது சம்மட்டி காதில் விழவில்லை.

அதிலிருந்து இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போகிறார்கள். வழியில் சடசடவின் வீட்டு வாசலில் சம்மட்டி நின்று குரல் கொடுப்பார், அவர் வருவார். அதுதான் ஏற்பாடு. இன்று காலையில் சம்மட்டி அந்த வாசலில் நிற்கவில்லை. செருப்புச் சத்தம் கேட்காமல் சுவரோரமாகத் தாண்டி, மகள் வீட்டுக்கு மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். மகள் தலைசீவிக்கொண்டே கதவைத் திறந்தாள். "என்னப்பா, நீங்க மட்டும் வந்திருக்கீங்க? மாமா எங்க?"

"வந்துட்டே இருக்காரும்மா" என்று பின்னால் ஒருதடவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, இடது கையை நீட்டினார். "அவரு வர்றதுக்குள்ள குடு. கொஞ்ச நேரம் நான் மட்டும் வெச்சுக்கறேன்."